அடுத்த ஐபோனில் என்ன வரும் என்பது எப்படி முன்பே தெரிகிறது?

ஆப்பிள் நிறுவனத்தின் ஆண்டில் இரண்டு மாதங்கள்தான் முக்கியம்: ஜூனும் செப்டம்பரும். ஜூன் மாதத்தில், செயலி எழுதுபவர்களுக்காக நடத்தும் மாநாட்டில், ஐபோன், ஐபேட், மேக் ஆகியவற்றின் அடுத்த இயங்குதளத்தைக் காட்டுவார்கள். அன்றைக்கே அதன் முதல் பீட்டா, அதாவது சோதனைப் பதிப்பு, செயலி எழுதுபவர்கள் கைக்குப் போய்விடும். ஜூலையில் யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கும் பீட்டா வரும். செப்டம்பரில் புதிய ஐபோன் அறிவிக்கப்பட்டு, அதையொட்டி இயங்குதளத்தின் முழு வடிவமும் வெளியாகும். 2025இல் மாநாடு ஜூன் 9, போன் அறிவிப்பு செப்டம்பர் 9, இயங்குதளம் செப்டம்பர் 15. அந்த ஆண்டுதான் ஐஓஎஸ் 18க்கு அடுத்து 19 வராமல் ஒரே தாவலில் 26 வந்தது. கார் கம்பெனிகள் செய்வதுபோல, வரப்போகும் ஆண்டையே பதிப்பின் எண்ணாக வைக்கும் முறைக்கு மாறினார்கள்.

இந்த இரண்டு மாதங்களுக்கு வெளியே உள்ள காலம் முழுவதும் எதிர்பார்ப்பின் காலம். அடுத்த போனில் எத்தனை கேமரா, எந்தச் சிப், என்ன நிறம் என்று செய்தி வந்தபடி இருக்கும். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. போனின் வடிவத்தையும் உறுப்புகளையும் பற்றிய செய்திகள் பெரும்பாலும் பலித்துவிடுகின்றன. மென்பொருளைப் பற்றியவை அவ்வளவு தெளிவாக வருவதில்லை. ஆனால் மேடையில் அறிவித்த பிறகு நிலைமை தலைகீழ். சொன்ன போன் சொன்ன தேதியில் கடைக்கு வந்துவிடும். சொன்ன மென்பொருள் வசதி சில சமயம் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். இரண்டும் உருவாகும் விதத்திலேயே இதற்குக் காரணம் இருக்கிறது.

போனின் மையமான சிப்பிலிருந்து தொடங்கலாம். ஒரு புதிய சிப்பின் வடிவமைப்பு, போன் விற்பனைக்கு வருவதற்குச் சுமார் மூன்று ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடுகிறது. வடிவமைப்பு முடிந்ததும் அது தைவானின் டிஎஸ்எம்சி ஆலைக்குப் போகிறது. அங்கே சிலிக்கான் தட்டின்மீது 13.5 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதா ஒளியால் சுற்றுகளை வரைவார்கள். பிறகு அரித்தல், படிவு ஏற்றுதல், கழுவுதல் என்று மாறி மாறி ஆயிரம் படிகளுக்கு மேல் நடக்கும். ஒரு தட்டு உள்ளே போய் வெளியே வர ஏறக்குறைய மூன்று மாதம் பிடிக்கும். அதற்குப் பிறகு அறுப்பு, சோதனை, உறையிடுதல், போனுக்குள் பொருத்துதல். செப்டம்பரில் கோடிக்கணக்கான போன்கள் வேண்டுமென்றால் கோடைக்கு முன்பே தட்டு ஏறியிருக்க வேண்டும். ஏறிய பிறகு எந்தத் தலைமை அதிகாரி மனம் மாறினாலும் சிப் மாறாது.

இந்தக் கணக்கு தெரிந்தால் சில ‘ரகசியங்கள்’ வெறும் நாட்காட்டி என்பது புரியும். டிஎஸ்எம்சி தன் அடுத்தடுத்த தொழில்நுட்பங்கள் எப்போது தயாராகும் என்பதை முதலீட்டாளர்களுக்கு வெளிப்படையாகவே சொல்கிறது. புதிய தொழில்நுட்பம் வந்தால் முதல் வரிசையில் ஆப்பிள் நிற்பது வழக்கம்: 5 நானோமீட்டர் 2020இல் ஏ14 சிப்பில் வந்தது, 3 நானோமீட்டர் 2023இல் ஏ17 புரோவில். 2 நானோமீட்டர் உற்பத்தி 2025இன் கடைசிக் காலாண்டில்தான் தொடங்கியது. ஆகவே அது 2025 செப்டம்பர் போனில் இருந்திருக்க வழியே இல்லை. 2026க்கு எதிர்பார்க்கப்பட்டது அதனால்தான். இதற்கு உளவாளி தேவையில்லை. (இந்த நானோமீட்டர் எண்களை யாரும் அளவுகோலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு காலத்தில் டிரான்சிஸ்டரின் ஒரு பகுதி உண்மையிலேயே அந்த நீளத்தில் இருந்தது. இன்று 3 என்பதும் 2 என்பதும் தலைமுறையின் பெயர்கள், அவ்வளவே.)

சிப்பாவது ஒரே ஆலைக்குள் கிடக்கிறது. போனின் உடம்பு அப்படியில்லை. மாதிரி வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனை, வடிவம் தாங்குகிறதா என்று பார்க்கும் சோதனை, தொழிற்சாலை வரிசையில் வேகமாகப் பூட்ட முடிகிறதா என்று பார்க்கும் சோதனை என்று மூன்று கட்டங்கள் உண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் போனைத் தொடும் கைகள் கூடிக்கொண்டே போகும். திரை ஒரு நாட்டில், கேமரா வேறொரு நாட்டில், அச்சு வார்ப்பது மற்றோரிடத்தில். போன் வெளியாகும் அன்றே கவர் விற்றாக வேண்டிய கடைக்காரருக்குக் கேமரா மேட்டின் அகலமும் பொத்தான் இருக்கும் இடமும் மாதங்களுக்கு முன்பே தேவை. அளவு தெரிந்ததும் உலோகத்திலோ பிளாஸ்டிக்கிலோ பொம்மைப் போன்களைச் செய்து அதன்மீது கவரைப் போட்டுப் பார்ப்பார்கள். அந்தப் பொம்மைகளின் படங்கள்தான் ஒவ்வொரு ஆண்டும் இணையத்தில் சுற்றுகின்றன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை இது.

அரசு அலுவலகங்களும் மறைக்க விடுவதில்லை. ரேடியோ அலை வீசும் எந்தக் கருவியும் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையத்தின் ஒப்புதல் பெற வேண்டும். அந்தக் கோப்புகள் பொதுப் பதிவு. முதல் ஐபோனை ஸ்டீவ் ஜாப்ஸ் 2007 ஜனவரி 9 அன்றே காட்டிவிட்டார். விற்பனைக்கு வந்தது ஜூன் 29இல். ஏறக்குறைய ஆறு மாதம் முன்னதாக ஏன் சொல்ல வேண்டியிருந்தது என்பதற்கு அவர் மேடையிலேயே காரணம் சொன்னார்: ஒப்புதலுக்கு விண்ணப்பித்தால் ஆணையத்தின் வழியே செய்தி வெளியாகிவிடும், அதற்குத் தாங்களே சொல்லிவிடலாம் என்று. சீனாவின் ஒப்புதல் பட்டியல் இன்னும் தாராளம். ஆப்பிள் சொல்லாத பேட்டரிக் கொள்ளளவு அதில் இருக்கும்.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கதையில் நேரடியாகவே பங்கு உண்டு. சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூரில் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பூட்டப்படுகிறது. செங்கல்பட்டுப் பக்கமும் ஓசூரிலும் வேறு ஆலைகள் உள்ளன. முதலில் உலகச் சந்தைக்கு வந்து பல மாதமான மாடல்தான் இங்கே தயாரானது. 2022இல் ஐபோன் 14 அறிவிக்கப்பட்ட சில வாரங்களிலேயே இந்தியாவில் உற்பத்தி தொடங்கியது. 2023இல் ஐபோன் 15 விற்பனைக்கு வந்த முதல் நாளே இங்கே பூட்டிய போன்கள் கடையில் இருந்தன. அப்படியானால் உலகம் பார்க்காத போன் செப்டம்பருக்கு முன்பே ஸ்ரீபெரும்புதூர் ஷிஃப்டில் ஓடியிருக்கிறது என்று பொருள். ரகசியத்தைக் காப்பவர்களின் எண்ணிக்கை அதே அளவுக்குக் கூடியிருக்கிறது என்றும் பொருள்.

மென்பொருள் அப்படிப் பல நாடுகளில் பரவிக் கிடப்பதில்லை. கலிபோர்னியாவின் கூப்பர்டினோ வளாகத்தில் சில கட்டடங்களுக்குள் அது பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்கு அச்சு வார்ப்பவரும் கிடையாது, கவர் விற்பவரும் கிடையாது. அதனால் அதை மறைப்பது எளிது. ஆனால் மென்பொருளே வன்பொருளைக் காட்டிக்கொடுத்த ஒரு சம்பவம் உண்டு. 2017 ஜூலை இறுதியில், ஹோம்பாட் என்ற ஒலிபெருக்கிக்கான ஃபர்ம்வேரை ஆப்பிள் தவறுதலாகப் பொது சர்வரில் ஏற்றிவிட்டது. அது ஒலிபெருக்கி விற்பனைக்கே வராத நேரம். ஸ்டீவ் ட்ராட்டன் ஸ்மித், கில்ஹெர்மே ராம்போ போன்ற செயலி எழுதுபவர்கள் அந்தக் கோப்பைப் பிரித்து உள்ளே துழாவினார்கள். ஒலிபெருக்கிக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத ஒரு சின்னப் படம் அகப்பட்டது: விளிம்பே இல்லாத திரை, மேலே நடுவில் ஒரு வெட்டு. கூடவே ‘டி22’ என்ற உள்பெயர், அகச்சிவப்பு ஒளியால் முகத்தை அடையாளம் காணும் வசதிக்கான வரிகள். ஆறு வாரம் கழித்து, செப்டம்பர் 12 அன்று மேடையேறிய ஐபோன் 10 அச்சு அசல் அதுதான். ஒரே அடித்தளக் குறிநிரலை எல்லாக் கருவிகளுக்கும் பங்கிட்டுக்கொள்வதன் விளைவு இது: ஒரு வீட்டின் சாவிக்கொத்தில் பக்கத்து வீட்டுச் சாவியும் தொங்குகிறது.

எதிர்த்திசையிலும் படிக்கலாம். வன்பொருளைப் பார்த்து மென்பொருளை ஊகிப்பது வதந்தி படிப்பதைவிடச் சுவாரசியமான வேலை, ஏனென்றால் அதற்குப் பெருக்கல் வகுத்தல் போதும். 2024 ஜூனில் ஆப்பிள் தன் செயற்கை நுண்ணறிவு வசதிகளை அறிவித்தபோது, அப்போது விற்பனையில் இருந்த போன்களில் ஐபோன் 15 புரோ வரிசைக்கு மட்டும் இடம் கிடைத்தது. ஒன்பது மாதம் முன்பு அதே நாளில் அறிமுகமான சாதாரண ஐபோன் 15 விடுபட்டது. வாங்கியவர்கள் பலர் இதை வியாபாரத் தந்திரம் என்றே நினைத்தார்கள். அந்த நோக்கம் துளியும் இல்லை என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது; ஆனால் கணக்கு வேறொன்றைச் சொல்கிறது.

போனுக்குள்ளேயே ஓடும் ஆப்பிளின் மொழி மாதிரியில் சுமார் 300 கோடி எண்கள் உள்ளன. அடுத்த சொல் எதுவாக இருக்கலாம் என்று தீர்மானிக்கும் எடைகள் அவை. ஒவ்வோர் எண்ணையும் வழக்கமான 16 பிட்டில் வைத்தால் எண்ணுக்கு 2 பைட், மொத்தம் 600 கோடி பைட், அதாவது 6 ஜிபி. சாதாரண ஐபோன் 15இன் மொத்த ராமே 6 ஜிபிதான். மாதிரியை ஏற்றினால் வாட்ஸ்அப் திறக்கக்கூட இடமிருக்காது. அதனால் எண்களைச் சுருக்கினார்கள். துல்லியத்தை அதிகம் கெடுக்காமல் ஓர் எண்ணுக்குச் சராசரியாக 3.7 பிட் என்ற அளவுக்குக் கொண்டுவந்ததாக ஆப்பிளே தெரிவித்தது. 300 கோடியை 3.7ஆல் பெருக்கி 8ஆல் வகுத்தால் ஏறக்குறைய 140 கோடி பைட், 1.4 ஜிபி. இயங்குதளம், திறந்து கிடக்கும் செயலிகள், கேமரா ஆகியவற்றுக்கு மேல் இந்த 1.4 ஜிபியும் எப்போது கூப்பிட்டாலும் தயாராக இருக்க வேண்டும். 6 ஜிபியில் அது நெருக்கடி; புரோவின் 8 ஜிபியில் சமாளிக்கலாம்.

இன்னொரு படி மேலே போகலாம். மாதிரி ஒரு டோக்கனை, அதாவது ஒரு சொல்துண்டை, உருவாக்க ஒவ்வொரு முறையும் அந்த 1.4 ஜிபியையும் நினைவகத்திலிருந்து முழுதாக வாசிக்க வேண்டும். ஐபோன் 15 புரோவின் நினைவகம் நொடிக்கு அதிகபட்சம் 51 ஜிபி தரும். 51ஐ 1.4ஆல் வகுத்தால் 36. ஆக, நொடிக்கு 36 டோக்கனுக்கு மேல் அந்தப் போனால் எழுதவே முடியாது, சிப் எவ்வளவு கெட்டிக்காரச் சிப்பாக இருந்தாலும். ஆப்பிள் வெளியிட்ட அளவு நொடிக்கு 30. வெளியே நின்று போட்ட கணக்கு எவ்வளவு பக்கத்தில் வந்துவிடுகிறது!

இதனால்தான் அடுத்த போனில் ராம் கூடுமா என்ற பேச்சு, பார்ப்பதற்கு வன்பொருள் செய்தியாகத் தெரிந்தாலும், உண்மையில் மென்பொருள் செய்தி. தன் போன்களின் ராம் அளவை ஆப்பிள் விளம்பரத்தில் சொல்வதே இல்லை. எதிர்பார்ப்பவர்களோ முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். 2025 இறுதியில் தரவு மையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொண்டு போனதில் விலை ஏறியது, ஆகவே இந்தக் கேள்வி பணக் கேள்வியும் ஆனது. தமிழுக்கு இதில் தனிச் சிக்கல் இருக்கிறது. பெரும்பாலான மாதிரிகள் ஆங்கிலச் சொல்லை ஒன்றிரண்டு துண்டாக வெட்டும். விகுதிகளைச் சுமந்து நீளும் தமிழ்ச் சொல்லைப் பல துண்டாக வெட்டும். நொடிக்கு 30 துண்டு என்பது ஆங்கிலத்தில் ஓட்டமாகவும் தமிழில் நடையாகவும் அமையும். 2025 முடியும்வரை ஆப்பிளின் நுண்ணறிவு வசதிகள் பேசும் மொழிகளின் பட்டியலில் தமிழ் சேரவில்லை என்பதால் அந்த வசதிகளில் இந்தச் சிக்கலை அதுவரை யாரும் நேரில் சந்திக்கவில்லை.

மென்பொருள் ஏன் தேதி தவறுகிறது என்பதற்கு அதே 2024 அறிவிப்பு நல்ல எடுத்துக்காட்டு. ‘அம்மாவின் விமானம் எப்போது இறங்குகிறது?’ என்று போனின் குரல் உதவியாளரான சிரியிடம் கேட்டால் மின்னஞ்சலைத் தேடி, விமானத்தைக் கண்டுபிடித்து, இப்போதைய நேரத்தைப் பார்த்துச் சொல்லும் என்று மாநாட்டில் காட்டினார்கள். ஐபோன் 16க்கு இந்தப் புதிய சிரியை வைத்து விளம்பரமும் வந்தது. 2025 மார்ச் 7 அன்று, நினைத்ததைவிட நாளாகும் என்று நிறுவனம் அறிவித்தது, விளம்பரமும் எடுக்கப்பட்டது. மென்பொருள் பிரிவின் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி பின்னர் கொடுத்த விளக்கம் இதுதான்: வசதி வேலை செய்யாமல் இல்லை, நம்பும்படி எப்போதும் வேலை செய்யவில்லை.

இந்த இரண்டுக்கும் இடையிலான தூரத்தையும் கணக்கில் பார்க்கலாம். சரியான மின்னஞ்சலை எடுப்பது, அதிலிருந்து விமான எண்ணைப் பிரிப்பது, நேரத்தை விசாரிப்பது, கேள்விக்கேற்ற பதிலாக்குவது என்று நான்கு படிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு படியும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை சரியாக நடந்தால் நான்கும் சேர்ந்து சரியாக நடப்பது நூற்றுக்கு 81 முறைதான். ஐந்தில் ஒரு முறை அம்மா விமான நிலையத்தில் காத்திருப்பார். மேடைக் காட்சிக்கு 81 போதும். கோடிக்கணக்கான போன்களுக்குப் போதாது. பழைய மென்பொருளில் பிழை இருந்தால் அந்த வரியைக் கண்டுபிடித்துத் திருத்தலாம். மொழி மாதிரியில் திருத்துவதற்கு அப்படி ஒரு வரியே கிடையாது.

இது இந்தக் காலத்து நோய் மட்டுமல்ல. 1994இல் ‘கோப்லண்ட்’ என்ற பெயரில் மேக்குக்குப் புதிய இயங்குதளம் வரப்போகிறது என்று இதே நிறுவனம் அறிவித்தது. ஒவ்வொரு குழுவும் தன் வசதியை அதில் சேர்த்தபடியே இருந்ததில் அது முடியவே இல்லை; 1996 ஆகஸ்டில் கைவிடப்பட்டது. அந்த டிசம்பரிலேயே ஜாப்ஸின் நெக்ஸ்ட் நிறுவனத்தை 40 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்க முடிவு செய்து, அதன் மென்பொருளிலிருந்து புதிய இயங்குதளத்தை உருவாக்கினார்கள். தேதியைக் காப்பாற்றியும் கெட்ட பெயர் வாங்கலாம்: 2019 செப்டம்பர் 19 அன்று ஐஓஎஸ் 13 குறித்தபடி வந்தது, குறைகளோடு வந்தது, ஐந்தே நாளில் 13.1 வந்து அதைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. இதற்கு மாற்றாக 2009இல் ஸ்னோ லெப்பர்டு மேக் பதிப்பை, புதிய வசதிகள் பூஜ்யம் என்று திரையில் போட்டே அறிவித்தார்கள். முக்கியமாக உள்ளே துப்புரவு வேலைதான். ஐஓஎஸ் 27 அந்த வழியில் போகும் என்பது 2025 இறுதியில் நிலவிய எதிர்பார்ப்பு.

வன்பொருள் தவறவே தவறாது என்றும் சொல்ல முடியாது. இயற்பியல் குறுக்கே நின்றால் அதுவும் தவறும். 2003 ஜூனில், ஒரே ஆண்டில் 3 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் பவர்மேக் ஜி5 கணினி வரும் என்று ஜாப்ஸ் வாக்களித்தார். சிப்பின் சூடு அதை அனுமதிக்கவில்லை. இரண்டு ஆண்டு கழித்து இன்டெல் சிப்புக்கு மாறுவதாக ஆப்பிள் அறிவித்தது. 2017இல் ஐபோன் 10உடன் சேர்த்துக் காட்டிய ‘ஏர்பவர்’ சார்ஜர், மூன்று கருவிகளை எங்கே வைத்தாலும் சார்ஜ் ஏற்றும் என்றார்கள். அதற்குக் கம்பிச்சுருள்கள் பல ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். அருகருகே உள்ள சுருள்கள் ஒன்றையொன்று சூடாக்கும். தன் தரத்தை எட்ட முடியவில்லை என்று சொல்லி 2019 மார்ச்சில் நிறுவனம் அதைக் கைகழுவியது.

எதிர்பார்ப்பைக் கிளப்புவதற்கு விலையும் உண்டு. அந்த விலைக்குப் பெயராகிப்போன மனிதரின் பிள்ளைப் பருவம் திருவண்ணாமலையில் கழிந்தது. ரமண மகரிஷியைப் பற்றி எழுதிய ஆர்தர் ஆஸ்பர்னின் மகன் ஆடம் ஆஸ்பர்ன், தமிழ் பேசி வளர்ந்தவர். 1981இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘ஆஸ்பர்ன் 1’, பெட்டிபோலத் தூக்கிச் செல்லக்கூடிய கணினி. எடை 11 கிலோ, விலை 1,795 டாலர், தேவையான மென்பொருள்களும் அதற்குள்ளேயே. அமோகமாக விற்றது. அடுத்த மாடலைப் பற்றிய பேச்சு அது தயாராவதற்கு முன்பே வெளியே வர, வாங்க வந்தவர்கள் புதியது வரட்டும் என்று திரும்பிப் போனார்கள். 1983 செப்டம்பரில் நிறுவனம் திவாலானது. போட்டியாளரின் பெரிய திரையும் நிர்வாகக் குளறுபடியுமே உண்மைக் காரணம் என்று அங்கே வேலை பார்த்தவர்கள் பின்னாளில் வாதிட்டார்கள். அது நியாயமான வாதமும்கூட. ஆனால் ‘ஆஸ்பர்ன் விளைவு’ என்ற பெயர் பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டது. ஆடம் ஆஸ்பர்ன் 2003இல் கொடைக்கானலில் காலமானார்.

ஆப்பிளும் அந்தச் சூட்டை உணர்ந்ததுண்டு. 2017 மே மாதம், ஐபோன் விற்பனை சற்றுச் சரிந்ததற்கு, வரப்போகும் போனைப் பற்றி வழக்கத்துக்கு முன்னதாகவே பெருகிய செய்திகளால் மக்கள் வாங்குவதைத் தள்ளிப்போட்டதே காரணம் என்று அப்போதைய தலைமை அதிகாரி டிம் குக் சொன்னார்.

செய்திகளுக்குள் தரம் பிரிப்பதும் கடினமல்ல. உதிரிபாகம் செய்யும் ஆலைகளிலிருந்து வருபவை, மிங்-சி குவோ போன்ற ஆய்வாளர்கள் சேகரிப்பவை, உறுப்புகளைப் பொறுத்தவரை நம்பத்தக்கவை. தேதி, விலை விஷயத்தில் அவ்வளவு இல்லை. பீட்டா குறிநிரலில் கிடைப்பது உறுதியாக உருவாக்கப்பட்டது, ஆனால் உறுதியாக வெளிவரும் என்றில்லை. மிகக் குறைவாக நம்ப வேண்டியது காப்புரிமை விண்ணப்பத்தை. வழக்கமாக அது பதிவாகி 18 மாதம் கழித்தே வெளியாகும். பெரும்பாலானவை பொருளாவதே இல்லை. மடிக்கும் ஐபோனுக்கான காப்புரிமைப் படங்கள் போனே இல்லாமல் பல ஆண்டுகள் வந்து குவிந்தன.

புதிய போன் வாங்காதவருக்கு உள்ள எதிர்பார்ப்பு ஒன்றே ஒன்று: கையில் இருப்பதற்கு அப்டேட் வருமா? அதைச் சிப்பின் எண்ணே சொல்லிவிடும். ஐஓஎஸ் 26க்கு ஏ13 சிப்பாவது வேண்டும் என்றானதில், 2018இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் போன்கள் ஏழு ஆண்டில் கழன்றுகொண்டன. இன்டெல் சிப் உள்ள மேக்குகளுக்கு மேக்ஓஎஸ் 26தான் கடைசி என்பதும் சொல்லியாகிவிட்டது. சாம்சங்கும் கூகுளும் தங்கள் உயர்வகைப் போன்களுக்கு ஏழு ஆண்டு என்று வாக்குக் கொடுத்திருக்கின்றன; பிரிட்டனின் சட்டம் கேட்டதற்காக ஆப்பிள் எழுதிக் கொடுத்தது குறைந்தபட்சம் ஐந்து ஆண்டுப் பாதுகாப்புத் திருத்தம். நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே கிடைக்கிறது. ஐஓஎஸ் 26 வெளியான 2025 செப்டம்பர் 15 அன்று, 2015இல் வந்த ஐபோன் 6எஸ்ஸுக்கும் ஒரு சிறு அப்டேட் வந்தது. பதிப்பு எண் 15.8.5. படக் கோப்புகளைத் திறக்கும் பகுதியில் இருந்த ஓர் ஓட்டையை அது அடைத்தது.